மாப்பிள்ளைக்கு, நான் தவறிப்போன விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும், வீட்டுச் சாமான்களும், போன முறை வந்தபோது தாங்கள் குளியலறையில் பொருத்திக் கொடுத்த கைப்பிடியும் நலம். அங்கே தாங்களும், என் மகளும், பேரனும், சம்பந்தியம்மா அவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சம்பந்தியம்மா நலமாக இல்லை, புதன்கிழமை வந்த ஒரு போனை நினைத்து நினைத்து இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என் மகள் சொன்னதால்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் போனுக்குக் காரணம் நான்தான், மாப்பிள்ளை. அன்று மாலை தாங்கள் என்னைக் கூப்பிட்டு, “மாமா, யாரோ போன் பண்ணி எங்கப்பா தவறிட்டார்னு சொன்னாங்க, உங்க ஊர் நம்பர் மாதிரி இருந்தது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டபோது, “அப்படியா, என்ன அநியாயம்! இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியலே” என்று நான் சொன்னது முழுப் பொய். இதைப் போனிலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் தாங்கள் “சரிங்க மாமா, வச்சிடட்டுமா?” என்று மிக மரியாதையாகக் கேட்டுவிடுகிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, ஆபீஸ் வேலை அப்படி. கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதால் இந்த வழியில் வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். “சும்மா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்கப்பா, வெளிய போய் நாலு பேரோட பழகுங்க” என்று என் மகள் ஞாயிறுதோறும் சொல்வது தங்களுக்கும் காதில் விழுந்திருக்கும். இந்த முறை எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கதவைத் தட்டி, மூத்த குடிமக்கள் மகிழ்ச்சித் திருவிழா என்று போட்ட ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். விளையாட்டு மைதானத்தில் காலை பத்து முதல் மாலை நாலு வரை, மருத்துவச் சோதனை, போட்டிகள், பரிசுகள், அறுபது வயதுக்கு மேற்பட்ட அனைவரும் வருக. நானும் சவரம் செய்துகொண்டு, நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒன்பதரைக்கே போய் நின்றேன். மைதானத்தில் பந்தல் போடுகிறவர்களைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, அந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க” என்றார். பிடித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அரைமணி நேரம் நன்றாகத்தான் போயிற்று.

பத்து மணிக்கு வாசலில் மேஜை போட்டார்கள். கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டி, அதில் பெயர், வயது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் எல்லாம் எழுதுகிறார்கள். என் போனை வழக்கம்போலச் சார்ஜரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். என் மகள் போன மாதம்தான் எண்ணை மாற்றினாள், அது எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. தங்கள் எண் மட்டும் கல்யாணப் பேச்சு நடந்த நாளிலிருந்து அப்படியே நினைவில் இருக்கிறது. அப்போது ஒரு நாளைக்கு ஆறு முறையாவது தங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா. ஆகவே அதைச் சொன்னேன். “கூட வந்தவங்க?” என்று கேட்டார்கள். தனியாக வந்தேன் என்றேன். கட்டத்தில் ஒரு கோடு போட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் என்னிடம் பேசிய அத்தனை பேரும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள், மாப்பிள்ளை. ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் அம்மா, அளவைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக, “சின்னப் பையன் மாதிரி இருக்கு உங்களுக்கு, கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க, சொல்லிடறேன்” என்றார். யாரும் வரவில்லை என்றதும் அதை எனக்கே சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். காது மெஷின் விற்கிறவர் என்னைப் பார்த்ததுமே கூச்சல் போட்டுப் பேச ஆரம்பித்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கட்டாயப்படுத்தி ஒரு மெஷினை என் காதில் மாட்டிவிட்டார். மாட்டியதும், நாலு கடை தள்ளி ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று சண்டை போடுவது பக்கத்தில் நின்று கேட்பதுபோலக் கேட்டது. முடிவு தெரியும் வரை கழற்ற மனமில்லாமல் நின்றேன். அவர் நான் வாங்கப்போகிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார். பூட்டினார்கள் என்றுதான் முடிவாயிற்று.

அடுத்தது ஞாபகசக்திச் சோதனை. ஒரு அம்மாள் என் முன்னால் உட்கார்ந்து, “மூணு சொல் சொல்றேன் சார், மனசுல வச்சுக்குங்க. பூட்டு, குடை, எருமை. கொஞ்ச நேரம் வேற பேசிட்டுத் திருப்பிக் கேப்பேன்” என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது என்று யாரோ அவரிடம் சொல்ல, எழுந்து போனார். போனவர் வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் இருபது நிமிடம் பூட்டு, குடை, எருமை என்று வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். பிறகு புகைப்படக் கடை. சுவரில் வரைந்த தோட்டம், அதன் முன்னால் ஒரு பெஞ்சு. போட்டோக்காரர் என்னைப் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார வைத்து, முகவாயைத் தூக்கிச் சரிசெய்துவிட்டு, காமிராவோடு பின்னால் போய், “மேடம் வரட்டும் சார், நான் வெயிட் பண்றேன்” என்றார். தங்கள் மாமியார் போய் மூன்று வருடம் ஆகிறது என்பதை ஒரு அன்னியரிடம், அதுவும் வேலை நேரத்தில், எப்படிச் சொல்வது? அவர் காத்திருந்தார். மரியாதைக்கு நானும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம், “அவங்களுக்குப் போட்டோன்னா பிடிக்காது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அது பொய் இல்லை, அவளுக்குப் பிடிக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்தின் நடுவில் எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு பெரிய வரைபடம் வைத்திருந்தார்கள். முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவன் கண்ணில் வரைபடம் பட்டால் சும்மா போவானா? பார்த்தேன். வடக்கைத் தெற்காகப் போட்டிருந்தார்கள்! கழிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் மேடை, மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஆம்புலன்ஸ். எனக்குப் பொறுக்கவில்லை. சூரியனைப் பார்த்து, நிழலைப் பார்த்து, வாசலிலிருந்து மேடை வரை அடிக்கணக்காக நடந்து பார்த்து, திரும்ப வந்து வரைபடத்தைப் பார்த்து, மறுபடி நடந்தேன். இப்படி நாலாவது தடவை நான் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு நடக்கும்போது, உதவி மேஜைக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயப்படாதீங்க ஐயா, பயப்படாதீங்க. வழி தெரியலையா?” என்றார். “வழி எனக்குத் தெரியும், உங்க வரைபடத்துக்குத்தான் தெரியலே” என்றேன். அவர் மிகுந்த இரக்கத்தோடு என்னைப் பார்த்து, “எல்லாரும் இப்படித்தான் ஐயா சொல்வாங்க” என்று சொல்லி, இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய், கூட்டத்தில் தவறியவர்கள் உதவி மேஜை என்று எழுதிய துணிக்குக் கீழே என்னை உட்கார வைத்துவிட்டார்.

முதலில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லி, “வயது எழுபத்தொன்று, நீலச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் துணிப்பை, நல்ல நிலையில் இருக்கிறார், உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்” என்று மூன்று முறை. நல்ல நிலையில் இருக்கிறார் என்று கேட்டது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. நர்ஸ் அம்மா சொல்லாமல் விட்டதை இவர்களாவது சொன்னார்களே. யாரும் வரவில்லை. அதன் பிறகுதான் மேஜைக்காரர் என் கைப்பட்டையைப் பார்த்துத் தங்களுக்குப் போன் போட்டார். ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் நானும் கேட்டேன். தாங்கள் அப்போது ஏதோ கூட்டத்தில் இருந்தீர்கள் போல, குரலைத் தாழ்த்தித்தான் பேசினீர்கள்.

“சார், உங்கப்பா தவறிட்டாரு சார்” என்றார் இவர்.

“என்னது?” என்றீர்கள்.

“தவறிட்டாரு சார். எங்ககிட்டதான் இருக்காரு. வந்து வாங்கிக்கிறீங்களா?”

“எங்கப்பா தவறிப் பத்து வருஷம் ஆச்சே! இப்ப வந்து வாங்கிக்கச் சொன்னா என்ன அர்த்தம்? யாரு நீங்க?”

“பத்து வருஷமாவா சார் தேடறீங்க?” என்று இவர் பதறிப்போய்க் கேட்டார். தாங்கள் வைத்துவிட்டீர்கள். மேஜைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “பத்து வருஷமா எங்க ஐயா இருந்தீங்க?” என்றார். அவர் ‘உங்கப்பா’ என்பதற்குப் பதில் ‘உங்க மாமனார்’ என்று சொல்லியிருந்தால் இத்தனை வினை இல்லை. தமிழில் வழி தவறுவதற்கும் உயிர் போவதற்கும் ஒரே சொல்லை வைத்தவரை என்னவென்று சொல்வது? திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். கூப்பிட்டார். தாங்கள் எடுக்கவில்லை. நானும் எடுத்திருக்க மாட்டேன், மாப்பிள்ளை. சம்பந்தியம்மாவிடம் இந்த இடத்தை மட்டும் ஒரு முறை நிதானமாகப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தி அவர்கள் எங்கே இருக்கிறாரோ அங்கே நிம்மதியாகத்தான் இருக்கிறார். யார் கையிலும் மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டது நான்.

சரி, நானே வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன் என்று எழுந்தேன். அப்போதுதான் விதி தெரிந்தது. அந்த மேஜைக்கு ஒருவர் வந்துவிட்டால் உறவினர் கையெழுத்து இல்லாமல் அனுப்பக் கூடாதாம். போன வருடம் ஒருவரை நம்பி அனுப்பியதில், அவர் மறுநாள் வேறு ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். “நான் சர்வேயர். இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு எல்லைக்கல் நட்டது நான்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டி ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

அரைமணி கழித்து ஒரு அம்மாள் வந்தார். வெள்ளைத் தலை, விறைப்பான நடை, கையில் மடித்த குடை. ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது, குறையுங்கள் என்று புகார் சொல்ல வந்தவர். மேஜைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு, “கூட யாரும்மா வந்திருக்காங்க?” என்றார். “தனியாத்தான் வந்தேன்” என்றார் அவர். “அப்படி உக்காருங்கம்மா” என்று என் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான், அவரும் தவறியவர் ஆகிவிட்டார். அவர் கைப்பட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்துத் தடவை அடித்த பிறகு அந்த அம்மாள், “அது என் வீட்டு நம்பர். வீட்ல நான்தான் எடுப்பேன். நான் இங்க இருக்கேன்” என்றார். மேஜைக்காரர் போனை வைத்துவிட்டு அவருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

அவர் பெண்கள் விடுதி ஒன்றில் முப்பது வருடம் வார்டனாக இருந்தவராம். நான் மெதுவாக, “கழிப்பறைக்குப் போறதாச் சொல்லிட்டு அப்படியே போயிடலாமா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாவாடை சட்டை போட்ட பத்தாம் வகுப்புப் பெண்ணாகிவிட்டேன். “முப்பது வருஷத்துல கார்டியன் கையெழுத்து இல்லாம ஒரு பிள்ளையை நான் கேட்டைத் தாண்ட விட்டதில்லே. அழுவாளுங்க, காலைப் பிடிப்பாளுங்க, வயித்து வலின்னு உருளுவாளுங்க. விதின்னா விதி. உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட யாருமே வராத பெண்கள் இருந்தார்களா என்று கேட்டேன். லீவு விட்டால் ஒன்றிரண்டு பேர் அப்படித் தங்கிவிடுவார்கள் என்றார். அவர்களை என்ன செய்வீர்கள் என்றேன். “என்ன செய்யறது? நானும் எங்கயும் போக மாட்டேன். சேர்ந்து துணி மடிப்போம்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சற்று நேரம் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தோம்.

நாங்கள் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் ஏழு பேர் தவறி ஏழு பேரும் கிடைத்துப் போனார்கள். மேடையில் பாட்டுப் போட்டி, பலூன் ஊதும் போட்டி எல்லாம் நடந்து முடிந்தன. சிறந்த தம்பதி என்று ஒரு பரிசு கொடுத்தார்கள்; கதவைப் பூட்டினோமா என்று சண்டை போட்டவர்களுக்குத்தான் கிடைத்தது, குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். நாலு மணிக்குப் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தலைக்கு மேலிருந்த துணியையும் அவிழ்த்தார்கள். மேஜைக்காரருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் எங்களையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அவருக்கும் அறுபது ஆகிறதாம். “இப்ப நான் என்ன ஐயா பண்றது உங்க ரெண்டு பேரை?” என்று எங்களையே கேட்டார்.

அப்போது அந்த வார்டன் அம்மாள் எழுந்து, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, என் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “இவரை நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

“நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?”

“தங்கச்சி.”

மேஜைக்காரர் இரண்டு கைப்பட்டைகளையும் பார்த்தார். “அவருக்கு எழுபத்தொண்ணு. உங்களுக்கு எழுபத்துநாலும்மா.”

“அப்ப அக்கான்னு போட்டுக்குங்க. இதுக்குப் போய் என்ன விசாரணை?” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு அடித்தல் இல்லை, நடுக்கம் இல்லை. முப்பது வருடம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தவர் முதல் முறையாகத் திருட்டுக் கையெழுத்துப் போடுகிறார், அதுவும் எனக்காக! நான் அவருடைய படிவத்தை எடுத்து, உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “ஒருத்தரை ஒருத்தர் கூட்டிட்டுப் போனா யாருங்க யாருக்குப் பொறுப்பு?” என்று மேஜைக்காரர் கேட்டார். கேட்டாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு படிவத்திலும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பேருந்து நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம். அவருடைய பேருந்துதான் முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், தலையை வெளியே நீட்டி, நிறுத்தத்தில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “நேரா வீட்டுக்குப் போகணும். வழியில எங்கயும் நிக்கக் கூடாது. சாப்பிட்டுட்டுப் படுக்கணும்” என்றார். “சரிங்க அக்கா” என்றேன். வண்டி போய்விட்டது. பெயர் கேட்கவில்லை, படிவத்தில் இருந்திருக்கும், கையெழுத்துப் போடும் பதற்றத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவர் சொன்னபடியே எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தேன். வந்து கொஞ்ச நேரத்தில் தங்கள் போன் வந்தது. பொய் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. தங்கள் கூட்டத்தைக் கெடுத்ததற்கும் சம்பந்தியம்மாவின் மனத்தைக் கலக்கியதற்கும் வயதைக்கூடப் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் திருவிழா ஏற்பாட்டாளர்களின் கவனக்குறைவைப் பற்றி, குறிப்பாக அந்த வரைபடத்தைப் பற்றி, தனியாக ஒரு புகாரும் எழுதுவதாக இருக்கிறேன். மற்றபடி என்னைப் பற்றி யாரும் கவலைப்பட ஒன்றும் இல்லை. பொழுது நன்றாகவே போகிறது. அவசரப்பட்டு லீவு போட்டுக்கொண்டு கிளம்பி வர வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மகளுக்கு என் ஆசிகள். பேரனுக்கு முத்தங்கள், அவன் இப்போது முத்தம் வாங்கிக்கொள்ளாத வயதென்றால் ஆசிகள். தாங்கள் எல்லா நலமும் பெற்று, எந்தக் கூட்டத்திலும் தொந்தரவின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் திரும்ப வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வரைபடத்தில் வடக்கு சரியாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை. நான் அடிக்கணக்காக நடக்கவும் இல்லை, என்னை யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போகவும் இல்லை. போட்டோக்காரரின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பிறகு, போக வேண்டிய கடை ஒன்றும் பாக்கி இல்லாததால், நிழலைத் தேடி அந்த உதவி மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் செருப்பைக்கூடக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே, “எங்கப்பா போய்த் தொலஞ்சீங்க? எத்தனை இடத்துல தேடறது? சொல்லிட்டுப் போக மாட்டீங்களா?” என்று கத்திக்கொண்டே அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர்கள் போன பிறகு நானாகத்தான் மேஜைக்குப் போய், “சார், நான் தவறிட்டேன்” என்று சொன்னேன். மேஜைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு, “எப்பலேர்ந்து ஐயா?” என்று கேட்டார். நான் யோசித்தேன். வெகுநேரம் யோசித்திருப்பேன் போலிருக்கிறது. அவர் பாவம், அவராகவே ‘காலையிலிருந்து’ என்று எழுதிக்கொண்டார்.